வளைந்த ஹெட் நிமிருமா?

சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது என்கின்றன சுசுகியின் சிறிய பெட்ரோல் எஞ்சின்களுக்கான பழுதுநீக்கும் கையேடுகள். ஏ4 தாள் ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய பாதி அது. கண்ணுக்குத் தெரியாது; விரலால் தடவினாலும் பிடிபடாது. ஆனால் வளைவு அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த கேஸ்கெட் போட்டாலும், எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் எஞ்சின் மறுபடி தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும்.

கோடை நாட்களில் நெடுஞ்சாலை ஓரத்தில் பானெட்டைத் திறந்துவைத்து, ஆவி அடங்கக் காத்து நிற்கும் கார்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அவற்றில் சில, ரேடியேட்டரை நிரப்பிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பிவிடும். சிலவற்றுக்கு அடுத்த நிறுத்தம் ஒர்க் ஷாப். “ஹெட் வளைஞ்சிருச்சு சார், ஃபேஸிங் அடிக்கணும்” என்பார் மெக்கானிக். ஹெட் கழற்றப்பட்டு லேத் பட்டறைக்குப் போகும். அடிப்பரப்பைப் பளபளவென்று சீவித் தருவார்கள். புது கேஸ்கெட் போட்டு வண்டியும் கிளம்பும். பல வண்டிகளுக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. வேறு சில வண்டிகள் ஒரு மாதத்துக்குள் அதே மெக்கானிக்கிடம் திரும்பி வருகின்றன. ஒன்று மறுபடி சூடேறியிருக்கும். அல்லது கேம் ஷாஃப்ட் இறுகியிருக்கும். சீவியது என்னவோ சரிதான். நிமிர்த்த வேண்டியதைச் சீவியதுதான் தவறு.

இரும்பின் மேல் அலுமினியம்

எஞ்சினின் கீழ்ப்பகுதி பிளாக். பிஸ்டன்கள் ஏறி இறங்குவது அதற்குள். அதன் மேல் மூடியாக உட்கார்ந்திருப்பது ஹெட். பெட்ரோலும் காற்றும் எரிகிற அறையின் கூரை, வால்வுகள், ஸ்பார்க் பிளக், புகை வெளியேறும் வழி எல்லாம் அதில் இருக்கின்றன. இன்றைய கார்களில் பெரும்பாலும் கேம் ஷாஃப்ட்டும் ஹெட்டின் உச்சியிலேயே சுழல்கிறது. எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியசைத் தாண்டும். சுத்தமான அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஹெட் உருகாமல் இருப்பதற்குக் காரணம் அதன் உட்புறப் பாதைகளில் இடைவிடாமல் ஓடும் தண்ணீர்.

இவ்வளவு சிரமம் இருந்தும் அலுமினியத்தைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணங்கள் உண்டு. வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் அதன் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம். எடை வெகுவாகக் குறைகிறது. வெப்பத்தைக் கடத்தும் திறனோ வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எரியறையின் சூட்டை அது வேகமாகத் தண்ணீருக்குக் கைமாற்றிவிடுவதால், எஞ்சினில் கூடுதல் கம்ப்ரஷன் வைக்க முடிகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது. அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஆவி கிளம்பினாலும் ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பழகிய தலைமுறை அதில் உருவானது. அந்தப் பழக்கத்தை அலுமினிய ஹெட் உள்ள வண்டியிடம் காட்டினால் அது தாங்காது.

சிக்கல் எங்கே வருகிறது? பல எஞ்சின்களில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூடேறினால் இரண்டும் விரியும், ஆனால் ஒரே அளவில் அல்ல. 400 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு ஹெட்டை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 100 டிகிரி கூடினால் அலுமினியம் சுமார் 0.9 மி.மீ. நீளும்; அதே நீளமுள்ள வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீளும். இந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுத்துத்தான் எஞ்சினை வடிவமைக்கிறார்கள். ஒவ்வொரு முறை எஞ்சினை ஸ்டார்ட் செய்து நிறுத்தும்போதும் ஹெட் பிளாக்கின் மேல் மயிரிழை அளவு நகர்ந்து, பின் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் அந்த உரசலைத் தாங்கிக்கொண்டு, எரியும் வாயுவையும் தண்ணீரையும் ஆயிலையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்கிறது.

தண்ணீர் வற்றிப்போனால் கணக்கு மாறிவிடுகிறது. ஹெட்டின் அடிப்பரப்பு, குறிப்பாக நடு சிலிண்டர்களை ஒட்டிய பகுதி, அளவுக்கு மீறிச் சூடாகிறது. விரிய வேண்டும், ஆனால் போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, கீழே இருக்கும் இரும்பும் விட்டுக்கொடுப்பதில்லை. சூட்டில் வலுவிழந்த அலுமினியம் தன்னைத்தானே நெருக்கிக்கொண்டு அமுங்குகிறது. பிறகு எஞ்சின் ஆறும்போது, அமுங்கிய அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடக் குட்டையாகிவிடுகிறது. அதனால் ஹெட்டின் இரு முனைகளும் கீழே தங்க, நடுப்பகுதி பிளாக்கை விட்டு மேலெழும்புகிறது. வளைந்த ஹெட்டுகளில் பெரும்பாலானவை இப்படி நடுவில் தூக்கிக்கொண்டுதான் பட்டறைக்கு வருகின்றன.

முள் இறங்கினாலும் நம்பக் கூடாது

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியாக மட்டும் இருப்பதில்லை. அது ஓர் அழுத்த வால்வு. உள்ளே சுமார் 0.9 பார் கூடுதல் அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும்போது, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. சில நூறு ரூபாய்க்குள் வாங்கக்கூடிய அந்த மூடியைக் கவனிக்காமல் விட்டு ஹெட்டைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

எஞ்சின் சூடேற ஆழ்குழாய்த் தண்ணீர் இன்னொரு காரணம். அதன் உப்பு எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் காரையாகப் படிகிறது. காரை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ரேடியேட்டரில் தண்ணீர் தளும்ப நின்றாலும் எஞ்சின் சூடேறும். போதாக்குறைக்கு அலுமினியமும் இரும்பும் ஒரே தண்ணீரில் நனைந்து கிடந்தால், அலுமினியம் அரிக்கப்படும். கூலண்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் இதைத் தடுக்கவே இருக்கின்றன. அவையும் காலப்போக்கில் தீர்ந்துவிடும் என்பதால்தான், நிறம் நன்றாக இருந்தாலும் கையேட்டில் சொல்லியிருக்கும் காலத்தில் கூலண்டை மாற்றச் சொல்கிறார்கள்.

ஓட்டுநர்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெப்பமானியின் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரைதான் உண்மையைச் சொல்லும். தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் அது வெற்று ஆவியில் நிற்கும். அப்போது சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்த முள் திடீரென்று கீழே இறங்கலாம். ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஹெட்டுக்கு மீளாத கேடு நேர்கிறது.

ஹெட் வளைந்து கேஸ்கெட் விட்டுப்போனதற்கான அறிகுறிகளை ஒர்க் ஷாப்புக்குப் போகும் முன்பே கவனிக்கலாம். எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர் பழுப்பு நிறத்தில் கூழ் படிந்திருக்கும்; தண்ணீர் ஆயிலோடு கலந்ததன் அடையாளம் அது. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி கிளம்பும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்தாற்போல் கம்ப்ரஷன் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்துவிட்டது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம்.

ஸ்டாக் கார் கற்றுத் தந்தது

இந்தச் சிக்கலால் ஒரு காரின் பெயரே கெட்டுப்போன கதை பிரிட்டனில் உண்டு. 1970ஆம் ஆண்டு டிரையம்ஃப் நிறுவனம் ஸ்டாக் என்ற அழகிய திறந்த காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கென்றே உருவாக்கிய 2997 சிசி வி8 எஞ்சின். பிளாக் வார்ப்பிரும்பு, இரண்டு ஹெட்டும் அலுமினியம். தண்ணீர் பம்ப் எஞ்சினின் இரு கரங்களுக்கும் நடுவே, உயரமான இடத்தில் அமைந்திருந்தது. தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினாலே முதலில் வறண்டுபோவது பம்ப்தான். பம்ப் வறண்டால் சுழற்சி நின்றுவிடும், ஹெட் வளைந்துவிடும்.

அதைக் கழற்றுவது அடுத்த தலைவலி. ஹெட்டைப் பிடித்திருந்த போல்ட், ஸ்டட் வரிசைகள் இரண்டில் ஒன்று நேராகவும் மற்றொன்று சாய்வாகவும் இருந்தது. எஃகு ஸ்டட்டுகள் அலுமினியத்தோடு சேர்ந்து அரித்து ஒட்டிக்கொண்டால், இரண்டு திசைகளிலும் பிடித்திருக்கும் ஹெட்டை மேலே தூக்குவது பெரும்பாடு. 1977இல் உற்பத்தி நின்றபோது சுமார் 26,000 கார்களே வெளிவந்திருந்தன. ஆனால் அந்தக் கார்கள் அழிந்துவிடவில்லை. ஆர்வலர்கள் நல்ல ரேடியேட்டர் பொருத்தியும், கூலண்டைத் தவறாமல் மாற்றியும், ஹெட்டை முறையாக நிமிர்த்தியும் அதே எஞ்சினை இன்றுவரை ஓடவைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தலைகீழாக முயன்றது. 1971 மாடலாக வந்த செவர்லே வேகாவில் பிளாக் அலுமினியம், ஹெட் வார்ப்பிரும்பு. சிலிண்டருக்குள் தனியாக இரும்பு லைனரும் கிடையாது. சூடேறியபோது அங்கே பிளாக்கே உருக்குலைந்தது. எந்த உலோகம் மேலே, எது கீழே என்பது பெரிதல்ல. சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடு சரியில்லை என்றால் இரண்டு உலோகச் சேர்க்கை தாங்காது என்பதை இந்த இரண்டு கார்களும் அடுத்தடுத்துக் காட்டின.

அளந்து பார்ப்பது எப்படி?

எஞ்சின் சூடாக இருக்கும்போது ஹெட் போல்ட்டுகளில் கை வைக்கக் கூடாது. நன்றாக ஆறிய பிறகு, ஓரத்து போல்ட்டுகளில் தொடங்கி நடுவை நோக்கி, ஒரே மூச்சில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டு நடுவிலிருந்து கழற்றினாலோ, சூட்டோடு கழற்றினாலோ, நேராக இருந்த ஹெட்கூட மெக்கானிக்கின் கையில் வளைந்துவிடும்.

கழற்றிய ஹெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பழைய கேஸ்கெட் ஒட்டுகளை நீக்குவது முதல் வேலை. சிராய்க்கும் சக்கரத்தை டிரில்லில் மாட்டித் தேய்த்தால் விரைவாக முடியும். ஆனால் அலுமினியம் மென்மையானது, தேய்த்த இடத்தில் பள்ளம் விழும். உதிரும் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங்குகளையும் தின்றுவிடும். தேர்ந்த மெக்கானிக்குகள் கேஸ்கெட் கரைக்கும் திரவத்தைத் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுப்பார்கள்.

பிறகு அளவெடுப்பு. சோதித்துச் சான்றளித்த எஃகு ஸ்ட்ரெயிட் எட்ஜை ஹெட்டின் மேல் நிறுத்த வேண்டும். நீளவாக்கில் இரு ஓரங்கள், குறுக்கே இரு முனைகள், மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் என ஆறு திசைகளில் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைக்கிறார்கள். 0.05 மி.மீ. தகடு எங்கும் நுழையவில்லை என்றால் பிழைத்தது. நடுவில் 0.05 நுழைகிறது, 0.10 நுழைகிறது, 0.15 லேசாக உரசிக்கொண்டு நுழைகிறது, 0.20 நுழையவில்லை என்றால், வளைவு 0.15க்கும் 0.20க்கும் இடையில். தகட்டைத் தள்ளக் கூடாது. அது தானாக வழுக்கிப் போக வேண்டும். இந்தக் கைப்பக்குவம் ஒருவருக்கு வர வருஷக்கணக்கில் ஆகும்.

அடிப்பரப்போடு நிறுத்திக்கொள்ளும் பட்டறைகள் அதிகம். ஹெட்டின் மேல்பக்கத்தையும் அளக்க வேண்டும். கேம் ஷாஃப்ட் அமரும் பேரிங் குழிகள் வரிசையாக அங்கேதான் இருக்கின்றன. அடிப்பக்கம் வளைந்தால் மேல்பக்கமும் கூடவே வளைந்திருக்கும். மிக எளிய சோதனை ஒன்று உண்டு. வால்வுகளையும் டேப்பெட்டுகளையும் எடுத்துவிட்டு, கேம் ஷாஃப்ட்டை மட்டும் ஆயில் தடவி வைத்து, மூடிகளை அதனதன் எண் வரிசைப்படி சரியான டார்க்கில் பூட்டிக் கையால் சுழற்றிப் பார்ப்பது. நல்ல ஹெட்டில் அது விரலுக்கே சுழலும். இறுகினால், அல்லது ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் பிடித்தால், ஒன்று அந்த ஹெட் வளைந்திருக்கிறது, அல்லது கேம் ஷாஃப்ட்டே வளைந்திருக்கிறது. கேமைத் தனியாக அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். இரும்பு ஹெட்டில் காந்தத்தையும் இரும்புத் தூளையும் கொண்டு வெடிப்பைக் கண்டுபிடித்துவிடலாம். அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது. சாயம் ஊடுருவும் சோதனை, அல்லது காற்றழுத்தச் சோதனை செய்ய வேண்டும். தண்ணீர்ப் பாதைகளை ரப்பர் வைத்த தகடுகளால் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, ஹெட்டைச் சூடான நீர்த்தொட்டியில் அமிழ்த்துகிறார்கள். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும் மெல்லிய வெடிப்பு சூட்டில் வாய் திறக்கும். குமிழி வெளியே வரும். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவிலுள்ள குறுகிய பாலம்தான் அதிகம் வெடிக்கும் இடம்.

வெறுமனே சீவினால் என்ன ஆகும்?

வளைவு மிகக் குறைவாக இருந்து, கேம் ஷாஃப்ட்டும் தடையின்றிச் சுழன்றால், அடிப்பரப்பை மெல்லியதாகச் சீவி எடுப்பது சரியான வேலைதான். கேம் ஷாஃப்ட் பிளாக்கிலேயே இருக்கும் பழைய பாணி எஞ்சின்களில் இன்னும் சற்றுத் தாராளமாகச் செய்யலாம். கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேல் இருக்கும் எஞ்சினில், பெரிய வளைவைச் சீவி மட்டும் நேராக்கினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அடிப்பக்கம் சமமாகிவிடும், மேலே பேரிங் குழிகளின் வரிசை வில்லாகவே நிற்கும். அந்த வில்லுக்குள் நேரான கேம் ஷாஃப்ட்டைப் போட்டுப் பூட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அது வளைந்து நிமிரும். நடு பேரிங்குகள் தேயும். ஆயில் படலம் அறுந்து இறுகும். சில சமயம் கேம் ஷாஃப்ட் இரண்டாகவே முறிந்துவிடும்.

உயரம் குறைவதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 300 சிசி, கம்ப்ரஷன் விகிதம் 10 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 33 சிசி. சீவியதில் எரியறையிலிருந்து 1 சிசி போய்விட்டால் விகிதம் ஏறத்தாழ 10.3 ஆகிவிடும். ஒரு முறை என்றால் பெரிதில்லை. இரண்டு, மூன்று முறை சீவிய ஹெட்டில் எஞ்சின் ‘நாக்கிங்’ செய்யத் தொடங்கும். அது மறுபடி சூட்டைக் கூட்டும். கூடவே கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அருகே வந்துவிடுவதால் வால்வு திறக்கும் நேரம் கொஞ்சம் பின்தங்குகிறது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான இடைவெளியும் குறைகிறது.

டீசல் எஞ்சின்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவே மிகக் குறைந்த இடமே இருக்கும். பிஸ்டன் பிளாக்கின் விளிம்புக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் தேர்ந்தெடுக்கும் முறை பல டீசல் எஞ்சின்களில் உண்டு. கேஸ்கெட்டின் ஓரத்திலுள்ள துளைகளோ வெட்டுகளோ அந்தத் தடிமனைக் காட்டும். சில நவீன டீசல் எஞ்சின்களின் ஹெட்டைச் சீவவே கூடாது என்று தயாரிப்பாளரின் கையேடே தடுத்துவிடுகிறது.

அடுப்பில் நிமிர்த்துவது

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஹெட்டை முதலில் நிமிர்த்த வேண்டும். அடித்தோ அழுத்தியோ நிமிர்த்தினால் வெடித்துவிடும். அலுமினியத்தை வளைத்த வெப்பத்தைக் கொண்டே அதை நிமிர்த்துவதுதான் முறை. இந்த வேலையைச் செய்யும் பட்டறைகள் எஞ்சின் உதிரித் தொழில் வளர்ந்த நகரங்களில் இருக்கின்றன. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏறத்தாழ 2 அங்குலத் தடிமனில், மேற்பரப்பு துல்லியமாகச் சமப்படுத்தப்பட்ட எஃகுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். ஹெட்டிலிருந்து கேம் ஷாஃப்ட், வால்வுகள், ஸ்பிரிங்குகள், ரப்பர் சீல்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அடிப்பரப்பு தட்டைத் தொடும்படி வைக்கிறார்கள். நடு தூக்கியிருப்பதால் இரு முனைகளே தட்டில் படும். அந்த முனைகளுக்கு அடியில் மெல்லிய எஃகுத் தகடுகளைச் செருகுகிறார்கள். தகட்டின் தடிமன் வழக்கமாக வளைவில் பாதி. 0.20 மி.மீ. வளைந்த ஹெட் என்றால் 0.10 மி.மீ. தகடு. பிறகு நடுவிலுள்ள துளைகளில் போல்ட் போட்டு, நடுப்பகுதி தட்டைத் தொடும்வரை சிறிது சிறிதாக இறுக்குகிறார்கள். இப்போது ஹெட் நேர்நிலையையும் கடந்து எதிர்த்திசையில் சற்றே வளைந்து நிற்கிறது. விடுவித்ததும் கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் அந்தக் கூடுதல் வளைவை முன்கூட்டியே கொடுத்துவைக்கிறார்கள்.

தட்டோடு சேர்த்து ஹெட்டை அடுப்புக்குள் ஏற்றி, 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் சில மணி நேரம் வைக்கிறார்கள். உலோகத்துக்குள் தேங்கியிருந்த இறுக்கம் அந்தச் சூட்டில் மெல்லத் தளர்கிறது. அவசரமே கூடாத கட்டம் அதற்கு அடுத்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல், ஹெட் தட்டோடு சேர்ந்து தானாக ஆறும்வரை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் இரவு முழுவதும். சூட்டோடு வெளியே எடுத்தால் ஓர் ஓரம் முதலில் ஆறி மறுபடி வளைந்துவிடும். காலையில் போல்ட்டைத் தளர்த்தி மேலும் கீழும் அளந்து பார்க்கிறார்கள். ஒரே முறையில் முழுதும் நிமிராவிட்டால் தகட்டின் அளவை மாற்றி மறுபடி ஏற்றுகிறார்கள்.

கேஸ் வெல்டிங் டார்ச்சைக் காட்டி நடுவில் மட்டும் சூடேற்றி நிமிர்த்த முயல்பவர்களும் உண்டு. ஒரே இடத்தில் விழும் அந்தச் சூடு உலோகத்தைச் சமமில்லாமல் மென்மையாக்கிவிடும். அலுமினிய ஹெட்டுக்கு அதன் வலுவைத் தருவதே தொழிற்சாலையில் செய்யும் வெப்பப் பக்குவம்தான். கட்டுப்பாடில்லாத சூடு அதைக் குலைத்துவிடுகிறது. அதனால் பெரிதாகச் சூடேறி வந்த ஹெட்டின் கடினத்தன்மையை, குறிப்பாக எரியறைகளுக்கு நடுவே, தேர்ந்த பட்டறைகள் கருவி வைத்துச் சோதிக்கின்றன. மென்மையாகிப்போன ஹெட்டை நிமிர்த்தினாலும் போல்ட்டின் இறுக்கத்தில் அது அமுங்கிவிடும், கேஸ்கெட் நிற்காது.

நிமிர்ந்த ஹெட்டின் மேல்பக்கத்தில் கேம் ஷாஃப்ட்டை வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் அடிப்பரப்பைச் சீவுகிறார்கள். இப்போது எடுக்க வேண்டியது மிகக் கொஞ்சம். வால்வு சீட்டுகளும் கைடுகளும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, தேவையானால் புதியன போட்டு, சீட் வெட்டி முடிக்கிறார்கள். அரித்துப்போன தண்ணீர்த் துளைகளின் ஓரங்களை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்ப வேண்டியிருந்தால் அதைச் சீவுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

சீவிய பரப்பின் வழவழப்பும் முக்கியம். பழைய வகைக் கேஸ்கெட்டுகள் சற்றே சொரசொரப்பான பரப்பையும் ஏற்றுக்கொண்டன. இப்போது அதிகம் பயன்படும் பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டுகள் மிக வழவழப்பான பரப்பைக் கேட்கின்றன. எமரித் தாளைக் கண்ணாடி மேல் ஒட்டிக் கையால் தேய்த்துக் கொடுக்கும் வேலை அவற்றுக்குப் போதாது.

திரும்பப் பூட்டும்போது

பட்டறை எவ்வளவு நன்றாக வேலை செய்து தந்தாலும் பூட்டுவதில் பிழை செய்தால் எல்லாம் வீண். பிளாக்கின் மேற்பரப்பையும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஹெட் மட்டும்தான் வளையும் என்று விதியில்லை. போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால், போல்ட்டை முறுக்கும்போது அந்தத் திரவம் அமுங்க இடமின்றி பிளாக்கையே வெடிக்கவைத்துவிடும். நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கி, கையேட்டில் சொன்ன வரிசையில், பல கட்டங்களாக டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். டார்க் வைத்த பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று கையேடு சொல்லும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒரு முறைக்கு மட்டுமே. நீண்டுபோன அவற்றை மறுபடி போட்டால் பிடிப்பு இருக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால், எஞ்சின் ஏன் சூடேறியது என்ற கேள்விக்கு விடை கிடைத்திருக்க வேண்டும். அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், ஓடாத விசிறி, தேய்ந்த பம்ப், வெடித்த ஹோஸ், தளர்ந்த மூடி என்று காரணம் ஏதோ ஒன்று இருந்தே தீரும். அதைச் சரிசெய்யாமல் பூட்டப்படும் ஹெட் மறுபடி வளையும்.

எல்லா ஹெட்டையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. எரியறைக்குள் ஆழமாக ஓடிய வெடிப்பு, மென்மையாகிப்போன உலோகம், குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே சீவப்பட்ட ஹெட் ஆகியவற்றை ஒதுக்கிவிடுவதே நல்லது. மாற்று ஹெட்டைத் தேடிச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிச் சந்தைகளுக்குப் போகிறவர்கள், அங்கே வாங்கும் ஹெட்டும் ஒரு காலத்தில் ஆவி கிளப்பிய வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. உயரத்தை அளந்து, ஆறு திசைகளிலும் நேர் பார்த்து, அழுத்தச் சோதனை செய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

வண்டியின் சொந்தக்காரர் செய்ய வேண்டியது இரண்டே காரியங்கள். முள் ஏறியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடான மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கும் மேல் ஹெட் பட்டறைக்குப் போக நேர்ந்தால், திரும்ப வாங்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு வளைந்திருந்தது, மேல்பக்கம் கேம் ஷாஃப்ட் வைத்துப் பார்த்தீர்களா, அழுத்தச் சோதனை செய்தீர்களா, சீவுவதற்கு முன்னும் பின்னும் உயரம் எவ்வளவு. பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.